மசோதாவும் மகளும்

ஜனவரி 8, வியாழன்

என் மசோதாவுக்கு எண் கொடுத்துவிட்டார்கள். மாநிலத் தலைநகரிலிருந்து தொலைபேசி வந்தபோது கடையில் பட் லவாய்க்குக் காதோரம் முடி கத்தரித்துக்கொண்டிருந்தேன். அவன் காதில் எல்லாம் விழுந்துவிட்டது.

"என்ன கொரின், இந்த வருசம் எதத் தடை பண்ணப் போற? ரோட்டுல பனி தள்ற வண்டியையா?"

"இல்ல பட். நம்ம மாநிலப் படைப் பசங்கள வெளிநாட்டுச் சண்டைக்கு அனுப்பணும்னா, வாஷிங்டன்ல இருக்கிறவங்க முதல்ல கையத் தூக்கி இது போர்தான்னு ஓட்டுப் போடணும். போடலேன்னா பசங்க இங்கேயே இருப்பாங்க. அவ்வளவுதான்."

"சுதந்திரவாதிக் கூட்டம்! வரி வேணாம், போர் வேணாம், தெருமுனையில சிவப்பு விளக்கும் வேணாம்."

"விளக்கு இருந்துட்டுப் போகட்டும். நீ தலைய ஆட்டாத, காது போயிடும்."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். மாநிலப் பேரவைக்கு உறுப்பினராகப் போன நாளிலிருந்து இந்த மசோதாவைக் கொண்டுவருகிறேன். ஒவ்வொரு முறையும் குழுவிலேயே சிரித்துக் கொன்றுவிடுவார்கள். தோற்கும் மசோதாவுக்குத் தைரியம் தேவையில்லை. இந்த முறை எதிர்க்கட்சியின் சமாதானக்காரர்களும் சேர்ந்திருக்கிறார்கள். ஜெயிக்கக்கூடும் என்கிறான் இதில் என் கூட்டாளியான எஸ்ரா.

இந்த முறை என் மகள் ஜொயெலும் படையில் இருக்கிறாள்.

ஜனவரி 10, சனி

ஜொயெல் கூப்பிட்டாள். முகாமில் எல்லோரும் அவளைக் கிண்டல் செய்கிறார்களாம். "அம்மா கிட்ட லீவு லெட்டர் வாங்கிட்டு வந்தியா?" என்கிறார்களாம்.

"எனக்காகத்தான இதச் செய்யற?"

"நீ படையில சேர்றதுக்கு முன்னாலேர்ந்தே சொல்லிட்டிருக்கேன்டி."

"அத அவங்க கிட்ட வந்து சொல்லு. நான் லாரி ஓட்டறவ மா. நல்லா ஓட்டறேன். என்னால போக முடியாதுன்னு யாராவது நினைச்சா எனக்குக் கேவலம்."

வைத்துவிட்டாள். படிப்புக்காகச் சேர்ந்தவள்தான். ஆனால் அந்த லாரியைப் பற்றிப் பேசும்போது அவள் குரலில் வரும் பெருமை... அதை நான் கொடுக்கவில்லை. அவளுடைய அப்பா எங்களை விட்டுவிட்டு ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டவர், அவரும் கொடுக்கவில்லை.

ஜனவரி 15, வியாழன்

கடைக் கண்ணாடியில் சிவப்புச் சாயத்தில் "துரோகி". எழுத்து என் உயரத்துக்கு இருந்தது. கடையைத் திறக்காமல் எஸ்ராவைக் கூப்பிட்டேன்.

எஸ்ரா ஆட்டுப் பண்ணையிலிருந்து வந்தான், பூட்ஸில் சாணியோடு. சுதந்திரவாதிகள் சேர்ந்து வாழலாம் என்று டெக்சஸை விட்டு இந்தக் குளிருக்குக் குடிவந்தவன். சுரண்டிச் சுரண்டி எடுத்தான்.

"போலீஸக் கூப்பிடலாமா?" என்றேன்.

"போலீஸ் எதுக்குன்னு போன மாசம் மேடையில அரை மணி நேரம் பேசினது யாரு?"

"நீ."

"அட, நானா? அப்ப கூப்பிட்டுத் தொல."

சிரிப்பு வந்தது. அவன் போனதும் கதவை உள்ளே பூட்டிக்கொண்டுதான் முடி வெட்டினேன். வந்தவர்கள் தட்டிய பிறகு திறந்தேன். வந்தவர்களும் அதிகமில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

குழு விசாரணை. படைத் தளபதி சீருடையில் வந்தார். மார்பு நிறையப் பதக்கப் பட்டைகள். இந்தச் சட்டம் வந்தால் வாஷிங்டன் நம் விமானத் தளத்தையே வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்விடும் என்றார். பயமுறுத்தவில்லை, வானிலை சொல்வதுபோலச் சொன்னார்.

நான் பேசினேன். காகிதத்தை மேசையில் வைத்துவிட்டேன். போர் வேண்டுமென்றால் எழுந்து நின்று, பெயர் சொல்லி ஓட்டுப் போடுங்கள், நாங்கள் அனுப்புகிறோம். பெயர் சொல்லப் பயந்தால் எங்கள் பிள்ளைகளைக் கேட்காதீர்கள் என்றேன். கைதட்டினார்கள் கூட.

குழு மசோதாவைப் பேரவைக்கு அனுப்பிவிட்டது. முதன்முறையாக.

வெளியே நடைவழியில் ஓர் அம்மாள் என் கையைப் பிடித்தாள். என் வயதுதான் இருக்கும். கோட்டில் ஒரு பையனின் படம் குத்தியிருந்தது.

"என் மகன் அந்த வெளிநாட்டுச் சண்டையிலதான் செத்தான். சும்மா செத்தான்னு சொல்றீங்களா?"

இல்லை என்றால் பொய். ஆமாம் என்று எந்த வாயால் சொல்வது? அவள் பிடியை விடவே இல்லை. கடைசியில், "அவன் பேர் என்ன?" என்று கேட்டேன். "காலெப்" என்றாள். அவளாகவே விட்டுவிட்டுப் போனாள்.

மணிக்கட்டில் அவள் விரல்கள் இன்னும் இருப்பதுபோல இருக்கிறது.

ஜனவரி 29, வியாழன்

ஜொயெலின் பிரிவுக்கு உத்தரவு வந்துவிட்டது. மார்ச்சில் கிளம்ப வேண்டும். எந்த நாடு என்று சொல்ல மாட்டார்கள். பாலைவன உடுப்பு கொடுத்திருக்கிறார்கள். தெரியாதா என்ன.

கடையைத் திறக்கவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

திறந்தேன். வேறு என்ன செய்வது.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஹார்லன் விட்கோம் கடைக்கு வந்தார். பேரவையில் எங்கள் கட்சியின் தலைவர், முடி வெட்டிக்கொள்ள இவ்வளவு தூரம் பனியில் வண்டி ஓட்டி வருகிறார்! வேறு யாரும் இல்லை. உட்கார்ந்தார். துண்டைச் சுற்றினேன். கழுத்துக்குப் பின்னால் சவரம் செய்யச் சொன்னார்.

"ஜொயெலுக்கு உத்தரவு வந்திருக்குன்னு கேள்விப்பட்டேன். வருத்தமா இருந்தது, கொரின்."

கத்தியை அவர் கழுத்திலிருந்து எடுத்துவிட்டேன். உத்தரவு இன்னும் பத்திரிகையில்கூட வரவில்லை.

"தலைநகர்ல படையோட சம்பளப் பிரிவு இருக்கு. அங்க ஒரு ஆள் தேவைப்படுதாம். கெட்டிக்காரப் பொண்ணு, நல்லாப் பொருந்துவா. வீட்டுலேர்ந்தே வேலைக்குப் போயிட்டு வரலாம்."

"என்ன வேணும் உங்களுக்கு?"

"மசோதாவ நீங்க வாபஸ் வாங்க வேணாம். அதெல்லாம் அசிங்கம். வாக்கெடுப்பு அன்னிக்கு உங்களுக்கு உடம்பு சரியில்ல. குளிர்காலம், எல்லாருக்கும் வர்றதுதானே? கொண்டுவந்தவங்களே வரலேன்னா தயங்கிட்டிருக்கிற நாலு பேரும் நழுவிடுவாங்க."

கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். கத்தி இருந்தது என் கையில். அவர் கழுத்து அசையாமல் இருந்தது.

"யோசிங்க. அம்மாவா யோசிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முடியாது என்று நான் சொல்லவில்லை. அதைத்தான் எழுத வந்தேன். வாசல்வரை போய்க் கதவைத் திறந்துவிட்டேன். பார்த்துப் போங்க, வழுக்கும் என்றுகூடச் சொன்னேன். ஐயோ, நான் என்ன மாதிரி ஆள்?

பிப்ரவரி 5, வியாழன்

அரசாங்கம் யாருக்கும் சலுகை காட்டக்கூடாது என்று ஊர் ஊராகப் பேசியவள் நான். ஒருத்திக்குச் செய்யும் சலுகை இன்னொருத்திக்குச் செய்யும் அநியாயம் என்று. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அப்போது என் மகளுக்குப் பன்னிரண்டு வயது, சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது? இப்போது அவள் இருந்தால் போதும். எந்தக் கொள்கையும் வேண்டாம், அவள் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவாமல் போனால் போதும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஜொயெல் வந்தாள். பான்கேக் சுட்டேன், மேப்பிள் பாகு ஊற்றி. அவள் கத்துவாள், விட்கோமைத் திட்டுவாள், என்னையும் திட்டுவாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். உண்மையைச் சொன்னால், அதற்காகவே சொன்னேன். அவள் வேண்டாமென்றால் என் தலையிலிருந்து இறங்கிவிடும் அல்லவா?

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சரின்னு சொல்லு மா."

எனக்குப் புரியவில்லை.

"சரின்னு சொல்லிடு. எனக்குப் பயமா இருக்கு. முகாம்ல யார்கிட்டயும் சொல்ல முடியல. ரோட்டுல குண்டு வச்சிருப்பாங்க, முதல் லாரிதான் போகும். முதல் லாரி என்னுதுதான்."

சின்ன வயதில் இடி இடித்தால் என் இடுப்பைக் கட்டிக்கொள்வாளே, அதே முகம். எழுந்துபோய் அணைத்துக்கொண்டேன். அப்புறம் நான் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டேன்.

"உனக்குப் பதிலா யாரு ஓட்டுவா?"

என் பிடியிலிருந்து விலகினாள்.

"நடீன். அடுத்து அவதான். அவ குழந்தைக்கு இப்பத்தான் பல் முளைக்குது."

இருவரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாகு உறைந்துவிட்டது. போகும்போது அவள் தான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நானும் எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை. வாசலில் நின்று கையசைத்தேன், அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 11, புதன்

சாப்பிட முடியவில்லை. உடம்பு நிஜமாகவே சரியில்லையோ? அப்படி இருந்தால் நல்லது.

பிப்ரவரி 12, வியாழன்

வாக்கெடுப்பு நாள். காலையில் வண்டியை எடுத்தேன். பேரவைக்குப் போகிறேனா, சும்மா வண்டி ஓட்டுகிறேனா என்று எனக்கே தெரியாது. பேரவையின் வண்டி நிறுத்தத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி உள்ளே பனி படர்ந்தது. இப்படியே இருந்துவிட்டால் போதும், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, மணி ஆகிவிடும், முடிந்துவிடும்.

எஸ்ரா கண்ணாடியைத் தட்டினான்.

"உள்ளயே உக்காந்து என்ன பண்ற? உறைஞ்சு போகப் போற."

"எஸ்ரா, உனக்கு ஒரு பொண்ணு இருந்து..."

"ம்?"

"ஒண்ணுமில்ல."

அவன் என்னைப் பார்த்தான். என்ன தெரிந்ததோ. "வர முடியலேன்னா சொல்லு, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றான். கிண்டல் இல்லாமல் அவன் பேசி நான் கேட்டதே இல்லை. அவன் கதவைத் திறக்கவில்லை. நான்தான் திறந்தேன்.

ஏன் இறங்கினேன்? துணிச்சல் இல்லை, அது சத்தியம். அந்தக் குழந்தையின் முகம்கூட எனக்குத் தெரியாது. வீட்டிலேயே இருந்துவிட்டால் ஜொயெல் என்றைக்கும் என் முகத்தைப் பார்த்து நடீனை நினைப்பாள். நானும் அவளைப் பார்த்து நினைப்பேன். இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிட முடியாது. இது கொள்கையா? தெரியவில்லை.

பொத்தானை அழுத்தும்போது விட்கோம் பார்த்துக்கொண்டே இருந்தார். பச்சை விளக்கு எரிந்தது, என் பெயருக்கு நேரே. பலகையில் பச்சையும் சிவப்பும் மாறி மாறி விழுந்து, கடைசியில் இரண்டே ஓட்டில் நிறைவேறியது.

எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். நான் கோட்டை எடுத்துக்கொண்டு வண்டிக்குத் திரும்பினேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

ஜொயெலுக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

எடுக்கவில்லை. என் மகளை நானே அனுப்பிவிட்டேனா? நானே?

மார்ச் 5, வியாழன்

மேல்சபை மசோதாவை ஆராய ஒரு குழு போட்டிருக்கிறது. அதாவது குழி தோண்டியாயிற்று. தளபதி ஒருமுறை வந்துவிட்டுப் போனாராம், அது போதும். "அடுத்த வருசம்" என்கிறான் எஸ்ரா. அடுத்த வருசம்! எனக்கு இருப்பது அடுத்த வாரம்.

மார்ச் 14, சனி

படைக் கூடத்தில் வழியனுப்பு. பேண்டு வாத்தியம், கொடி, காகிதக் கோப்பையில் காபி. ஓரமாக நின்றேன். சிலர் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஜொயெல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் அதே பாலைவன உடுப்பில் குள்ளமாக ஒருத்தி. கண்கள் அழுது வீங்கியிருந்தன.

"மா, இதுதான் நடீன்."

நான் அந்த உடுப்பையே பார்த்தேன். "நீயும் போறியா?"

"ஆரம்பத்துலேர்ந்தே என் பேர் இருக்குங்க" என்றாள் நடீன். "லாரி ஓட்டற எல்லாருமே போறோம்."

சம்பளப் பிரிவில் இடமே இல்லையாம். ஜொயெல் விசாரித்திருக்கிறாள். அங்கிருந்தே இரண்டு பேரை இவர்களோடு அனுப்புகிறார்களாம். விட்கோம் கொடுப்பதாகச் சொன்னது அவர் கையில் இருந்ததே இல்லை.

ஜொயெல் என் காதருகே குனிந்தாள். "நீ வீட்டுல படுத்திருந்தா அந்த ஓட்டும் போயிருக்கும், நானும் போயிருப்பேன். அப்ப உன்னை மன்னிச்சிருக்கவே மாட்டேன்."

"நீதானடி சரின்னு சொல்லச் சொன்ன..."

"ஆமா. என் பேச்சக் கேட்டதுக்கும் சேத்துத்தான்."

அவளைக் கட்டிக்கொண்டேன். உடுப்பு புதுத்துணி வாசம் அடித்தது. பேருந்து கிளம்பிப் போன பிறகும் அங்கேயே நின்றேன். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். பார்த்தால், விசாரணை நாளில் வந்த காலெபின் அம்மா. பக்கத்தில் இன்னொன்றைப் போட்டு உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

குறுஞ்செய்தி: "நல்லா இருக்கேன். வெயில்." அவ்வளவுதான். நூறு முறை படித்தேன்.

மே 11, திங்கள்

மூன்று நாளாக எதுவும் இல்லை. தொலைக்காட்சியில் செய்தி பார்ப்பதை நிறுத்திவிட்டேன். பிறகு பார்த்தேன். பிறகு நிறுத்தினேன்.

மே 12, செவ்வாய்

வந்தது. "நெட் இல்ல மா, பயப்படாத." பயப்படாதேயாம்!

ஜூன் 9, செவ்வாய்

மதியம் பட்டுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தேன். ஜனவரிக்குப் பிறகு கடைப்பக்கமே வராதவன், மறுபடி வர ஆரம்பித்து இரண்டு வாரமாகிறது. வேறெங்கே வெட்டினாலும் காது ஏறி இறங்கித் தெரிகிறதாம். வெளியே ஒரு கார் நின்றது. சீருடையில் ஒருவன் இறங்கி, கடைப் பலகையை நிமிர்ந்து படித்தான்.

பிள்ளை செத்த வீட்டுக்கு இப்படித்தான் சீருடையில் ஆள் அனுப்புவார்கள். கத்தரி விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. பட் எழுந்து, கழுத்தில் துண்டோடு என் முன்னால் வந்து நின்றான். ஏன் அப்படி நின்றான் என்று அவனுக்கும் தெரிந்திருக்காது.

கதவு மணி அடித்தது. வந்தவன் வாசலிலேயே தொப்பியைக் கழற்றினான். என் முகத்தைப் பார்த்ததும் பதறிப்போனான்.

"ஐயோ, இல்லீங்க, இல்ல! ஜொயெல் நல்லா இருக்கா! மன்னிச்சுக்கங்க, சீருடையில வந்திருக்கக் கூடாது. யோசிக்கவே இல்ல."

பட் என்னைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தான். தண்ணீர் கொடுத்தான். பையன் பெயர் டாரில் பெக்கெட். ஜொயெலின் பிரிவுதான். இடது காது கேட்காமல் போய்விட்டதால் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். குண்டு வெடித்தபோது முதல் லாரியில் இருந்திருக்கிறான். அன்றைக்கு ஜொயெல் மூன்றாவது லாரி.

வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பேசினான்.

"அங்க ராத்திரி காவல்ல உக்காந்து உங்க மசோதாவப் பத்தித்தான் பேசுவோம். இது போர்னு எங்ககிட்ட யாரும் சொல்லவே இல்லீங்க. அடுத்த விசாரணை எப்ப? நான் வந்து பேசறேன்."

"உன் வேலைக்கு ஆபத்து வரும். கண்ணாடியில எழுதுவாங்க. போன்ல மிரட்டுவாங்க."

"தெரியும். ஜொயெல் சொன்னா."

"பயமா இல்லையா?"

"இருக்குங்க" என்றான்.

பட் கண்ணாடியில் தன் பாதி வெட்டிய தலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கீழே கிடந்த கத்தரியை எடுத்து என்னிடம் நீட்டினான். "முதல்ல அந்தப் பையனுக்கு வெட்டு, கொரின். என்னுது காத்திருக்கும். அப்படியே, அந்த விசாரணையில சும்மா உக்காந்திருக்கவும் ஆள் வேணும்னா சொல்லு, நான் வர்றேன்."