கனம் குறைத்த துப்பாக்கி

மின்விசிறிக் காற்றில் பறக்கப் பார்த்த காலண்டர் தாள்களின் மேல் உம்முடைய பித்தளைத் தகட்டைத் தூக்கி வைத்த நேரத்தில்தான் நீர் செத்துப்போன செய்தி வந்தது. திருத்தங்கலில் நான் வேலை பார்க்கும் அச்சாபீஸ் வாசலில் நம் ஊர்க்காரர் ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மொதலாளி காலம்பறத் தவறிட்டாகப்பா. நாளைக்குக் காலையிலதான் எடுக்காக. ஒங்கப்பாகிட்டச் சொல்லிரு" என்றார். தகட்டை நேற்றுத்தான் புளி போட்டுத் தேய்த்திருந்தேன். பித்தளை வாடை இன்னும் விரலில் இருந்தது. சீசன் நேரம், ஆர்டர் மலை மாதிரி கிடக்கிறது. உமக்காகக் கையை நிறுத்தவில்லை. அடுத்த தாள்கட்டை எடுத்து வெட்டுவதற்கு வைத்தேன்.

இருந்தாலும் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீர் உயிரோடு இருந்த காலத்தில் உம்மிடம் பேசுவதற்கு எனக்கு இருந்தது, "சரிங்க மொதலாளி" என்ற ஒன்றுதான். இப்போது நீர் குறுக்கே பேச முடியாது. உம்மை 'நீங்கள்' என்று எழுதக் கை வரவில்லை. 'நீ' என்று எழுதினால் நானும் உம் அளவுக்கு இறங்கிவிட்டதாக ஆகிவிடும். அதனால் 'நீர்' என்றே இருக்கட்டும்.

அந்தத் துப்பாக்கியைப் பற்றி உமக்கு இருந்த பெருமை பெற்ற பிள்ளைகளைப் பற்றிக்கூட இருந்ததில்லை. உம் அப்பா காலத்து ரைபிள். குழலும் விசையும் மட்டும்தான் பழசு. மற்றதெல்லாம் நீர் மதுரையில் சொல்லிச் செய்தது. கறுத்துக் கனத்த தோதகத்தி மரத்தில் இழைத்த கட்டை, கட்டையின் பக்கவாட்டில் வெள்ளியில் ஒரு மயில், அழகுக்கு ஒரு சங்கிலி, தோளில் பதியும் அடிப்பக்கத்தில் கனத்த பித்தளைத் தகடு. மயிலுக்குக் கழுத்து சரியாக வரவில்லை, வாத்து மாதிரி இருக்கும். ஊரில் ஒருத்தரும் அதை உம்மிடம் சொன்னதில்லை. இத்தனையும் சேர்ந்தால் என்ன கனம் வரும் என்று நீர் கேட்கவும் இல்லை. ஏன் கேட்கப்போகிறீர்? தூக்குகிறவன் நான்.

துப்பாக்கிக்குச் சொந்தக்காரர் துப்பாக்கியைத் தூக்கக் கூடாது என்பது உம் வீட்டு வழக்கம். கடலைக் காட்டுக்குப் பன்றி விரட்டப் போனாலும் சரி, சாத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் சரி, நீர் கையை வீசிக்கொண்டு முன்னால் நடப்பீர். நான் அதை வலது தோளில் சுமந்துகொண்டு பின்னால் வருவேன். சுடும்போது மட்டும் வாங்குவீர். சுட்டதும் திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டுவீர். நீர் நீட்டிய இடத்தில் என் கை இருக்க வேண்டும். எனக்கு முன்னால் எங்கப்பா உம் அப்பாவுக்கும் பிறகு உமக்கும் தூக்கினார். தூக்குகிறவன் செருப்புப் போடக் கூடாது. தோள் மாற்றவும் கூடாது. "தோள் மாத்துனா துப்பாக்கிக்கு மரியாத கொறஞ்சிரும்லே" என்பீர். இந்த மரியாதையெல்லாம் பன்றிகளுக்குத் தெரியவில்லை. உம் குண்டுக்கு ஒன்றுகூடச் செத்ததாக நான் பார்க்கவில்லை.

ஒரு சித்திரை வெயிலில் களத்து மேட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நீர் பதநீர் குடித்தீர். நான் வெயிலில் நின்றேன். திடீரென்று உமக்கு அக்கறை வந்தது. "ஏலே, வெயில்ல காயுதுலே. நெழலுக்குக் கொண்டா" என்றீர். என்னைத்தான் சொல்கிறீர் என்று நினைத்து ஓர் அடி எடுத்து வைத்தேன், மடையன். "நீ அங்கனயே நில்லு. துப்பாக்கிய மட்டும் இங்கன நீட்டு" என்றீர். வெயிலில் நின்றபடியே இரண்டு கையையும் நீட்டி, துப்பாக்கி முழுவதும் நிழலுக்குள் இருக்கும்படி பிடித்துக்கொண்டு நின்றேன். நீர் இன்னொரு ஓலைப்பட்டை பதநீர் ஊற்றச் சொன்னீர். சிரிக்காமல் அதை உம்மால் எப்படிச் செய்ய முடிந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

அந்த வாரமே, ஊருக்குப் பிரிகிற விலக்கு ரோட்டில் ஆள் ஏற்ற வந்த பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிச் சிவகாசிக்குப் போய்விட்டேன். உம்மிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

கம்பெனி ஒன்றும் சொர்க்கம் இல்லை. கையெல்லாம் மருந்து, நகக்கண்ணெல்லாம் வெள்ளி நிறம், சோற்றிலும் அந்த நெடிதான். போன அன்றைக்கே, "செருப்பக் கழத்துப்பா" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. இங்கேயுமா என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், செருப்பு ஆணி உரசிப் பொறி பறந்துவிடக் கூடாது என்று உள்ளே போகிற எல்லாருமே கழற்றினார்கள். போர்மேன் கழற்றினார். கம்பெனி முதலாளி வந்தார், அவரும் கழற்றி என் செருப்புக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டு உள்ளே போனார். சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து அந்த இரண்டு ஜோடியையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊரில் நீர் வேறு ஆள் தேடினீர். இளவட்டங்கள் ஒவ்வொருத்தராக வேன் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஏன் போகிறார்கள் என்று உமக்கு இருக்கிற மூளையை வைத்து யோசித்து, துப்பாக்கி கனமாக இருப்பதால்தான் போகிறார்கள் என்ற முடிவுக்கு வந்தீர். "கனந் தாங்காம ஓடிட்டான்" என்று என்னைப் பற்றி ஊரெல்லாம் சொன்னீர். அதோடு விட்டிருக்கலாம். கனத்தைக் குறைக்கக் கிளம்பினீர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பார்க்க வரும் அப்பா ஒவ்வொன்றாகச் சொல்வார். முதலில் சங்கிலி போனது. பிறகு மயில் பறந்தது. பிறகு அடித்தகட்டைக் கழற்றி, "வச்சுக்கோ" என்று அவரிடம் தூக்கிப் போட்டீர். அவர் அதைக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்குக் கீழே வைத்துத் திருநீறு பூசினார். அதற்கும் ஆள் வரவில்லை என்றதும் கட்டையைக் குடைந்தீர். கடைசியில் தோதகத்தியையே கடாசிவிட்டு, உம் மருமகனின் தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி சீவுவதற்குக் கிடந்த மலையாளத்து மரத்தில் ஒரு துண்டு எடுத்து வந்து புதுக்கட்டை செய்யச் சொன்னீர். கறுப்பு வார்னிஷ் அடித்தால் தோதகத்தி மாதிரியே இருக்குமாம். உலகத்தில் எத்தனையோ பேர் துப்பாக்கி செய்கிறார்கள். தீக்குச்சி மரத்தில் துப்பாக்கிக் கட்டை செய்யலாம் என்பது எங்கள் பக்கத்து ஆள் ஒருத்தருக்குத்தான் தோன்றியிருக்கிறது.

பங்குனிப் பொங்கல் நெருங்கியது. பொங்கலில் பாரிவேட்டை அன்று சாமி வேட்டைக்குப் புறப்பட்டுக் கண்மாய்க்கரை வரை போகும். அங்கே உம் வீட்டுத் துப்பாக்கி வானத்தைப் பார்த்து ஒரு தடவை வெடித்தால்தான் கோயிலுக்குத் திரும்பும். ஊரே பார்க்கிற அந்த ஊர்வலத்தில் துப்பாக்கி தூக்க ஆள் இல்லை. அதற்காக நீரே சிவகாசிக்கு வந்தீர், துப்பாக்கியை வெள்ளை வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பட்டாசுக் கம்பெனி வாசலுக்கு.

வாட்ச்மேன் பதறிப்போனார். "மொதலாளி, அத வச்சுக்கிட்டு இங்கன நிக்காதீக. உள்ள வாரதுன்னா செருப்பக் கழத்திட்டு, அதையும் வெளியில வச்சிட்டு வாங்க." நீர் செருப்பைக் கழற்றினீர். துப்பாக்கியை வெளியே வைக்க மனசு வரவில்லை. அதனால் உள்ளேயும் வராமல், திரும்பப் போய்ச் செருப்பையும் மாட்டாமல், கொதிக்கிற சரளைக் கல்லில் வெறுங்காலோடு நின்றீர். கூப்பிட்டார்கள் என்று நான் வெளியே வந்தபோது நீர் என்னைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். தீக்குச்சி மரத்துத் துப்பாக்கியை நீர் வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றிக்கொண்டிருந்தீர்.

சுற்றியிருந்த துணியைப் பிரித்து, "ஏலே, தூக்கிப் பாருலே" என்றீர். "அம்புட்டையும் கொறச்சாச்சு. பஞ்சு மாதிரி இருக்கு."

"கனமா இருக்குன்னு நான் எப்பச் சொன்னேன் மொதலாளி?"

"பெறகு எதுக்குலே ஓடுன?"

"செருப்புப் போட்டுக்கிட்டு ஒங்க பக்கத்துலயே நடந்து வாரேன். பழைய கனமே இருக்கட்டும், தூக்குறேன்."

நீர் கோபப்படவில்லை. அதுதான் என்னால் மன்னிக்க முடியாதது. மெய்யாகவே யோசித்தீர். "அது எப்பிடிலே? ரெண்டு பேரும் ஒண்ணாப் போனா துப்பாக்கி யாருதுன்னு பாக்குறவனுக்குத் தெரியாதே" என்றீர். நான் உள்ளே போகத் திரும்பியதும், துப்பாக்கியைத் திரும்பச் சுற்றிக்கொண்டு, "நீ வரலைன்னா ஒங்கப்பன் தூக்குவான். அவனுக்கு மரியாத தெரியும்" என்று போய்விட்டீர்.

பாரிவேட்டை அன்று வாடகைச் சைக்கிளில் ஊருக்கு வந்தேன். அப்பா குளித்து, திருநீறு பூசி, வெறுங்காலோடு உம் வீட்டு வாசலில் நின்றார். வயசாகி முதுகு வளைந்துவிட்டது. "நீங்க தூக்க வேணாம்ப்பா" என்றேன். "நாம தூக்காம வேற யாருலே தூக்குவா? எங்கையில இருந்து அது ஒரு நாளும் கீழ விழுந்ததில்ல" என்றார். அந்த மனிதருக்குச் சொந்தமென்று சொல்லிக்கொள்ள நிலம் இல்லை, வீடு உம் மனையில். இருந்தது இந்த ஒரு வாக்கியம்தான். ஊர்வலம் முழுக்க அவர் பக்கத்திலேயே நடந்தேன். துப்பாக்கி அவர் தோளை விட்டு இறங்கவில்லை. ஊரே பார்த்தது.

கண்மாய்க்கரையில் வாங்கினீர். வானத்தைப் பார்த்து நீட்டிச் சுட்டீர். கனம் இல்லை, தகடு இல்லை, அத்தனை உதையும் உமக்கே வந்தது. கைப்பிடிக்குப் பக்கத்தில் கட்டை இரண்டாகப் பிளந்தது. துப்பாக்கி துள்ளி உம் வாயில் அடித்துவிட்டு மண்ணில் விழுந்தது. கறுப்பு வார்னிஷுக்குள்ளிருந்து வெள்ளை வெளேரென்று குச்சி மரம் தெரிந்தது. வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிற பெண்கள் நிறையப் பேர் நின்றார்கள், அவர்களுக்கு அந்த மரம் தெரியாதா? யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு உம் காதில் விழுந்தது. கிழிந்த உதட்டில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு சுற்றிலும் பார்த்தீர். பிறகு அப்பாவைக் கை காட்டினீர். "கெழட்டுப் பய வார வழியில கீழ போட்டுருக்கான்லே. அதான் கட்டை விட்டுப்போச்சு."

ஊர் வாயைத் திறக்கவில்லை. "நான் கீழ போடல மொதலாளி" என்றார் அப்பா. இன்னொரு தடவை, சத்தமே வராமல், அதையே சொன்னார். நீர் முகத்தைத் திருப்பிக்கொண்டீர். உம்மைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. அப்பாவைச் சைக்கிளில் ஏற்றினேன். வழியில் வீட்டுக்குள் போய் எதையோ மடியில் கட்டிக்கொண்டு வந்தார். திருத்தங்கலில் என் வாடகை வீட்டில் அவிழ்த்தபோதுதான் அது இந்தத் தகடு என்று தெரிந்தது.

அன்றையிலிருந்து என்னோடுதான் இருக்கிறார். பால்காரரிடம் சொல்வார், பக்கத்து வீட்டு நர்ஸம்மாவிடம் சொல்வார், என் பிள்ளைகளிடம் சொல்வார்: "நான் கீழ போடல." நான் பட்டாசை விட்டு அச்சாபீசுக்கு மாறிய பிறகு நீர் ஒரு தடவை உம் இளைய மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தீர். தாள் மேல் இருந்த தகட்டைப் பார்த்ததும் கண்டுகொண்டீர். "அது நம்ம தகடுல்ல?"

"ஆமா. அப்பா வீட்டுலதான் இருக்காரு. பக்கத்துத் தெருதான். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா..."

உம் முகத்தில் ஏதோ வந்தது. தகட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தீர். சொல்லிவிடுவீர் என்றே நினைத்தேன். "கார்டு நல்ல கனமான தாளாப் போடுலே" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனீர்.

இன்று மத்தியானம் சோறு போட்டு வைத்துக்கொண்டு அப்பாவிடம் செய்தியைச் சொன்னேன். எடுத்த கவளத்தைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். பிறகு கேட்டார்: "சாகுறதுக்கு முந்தி என்னயப் பத்தி ஏதாச்சும் சொன்னாகளாமா?"

செய்தி கொண்டுவந்தவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. உமக்கு அது நினைவில் இருந்திருக்கும் என்றுகூட நான் நம்பவில்லை.

"சொன்னாகளாம்ப்பா" என்றேன். "'அவன் கீழ போடல, நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்'னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனாகளாம்."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். "நாந்தான் சொன்னேன்லலே" என்றார். "என்ன இருந்தாலும் பெரிய மனுசன்லே அவுக. கேதத்துக்குப் போகணும். அந்தத் தகட்டையும் எடுத்துக்கோ, அவுக சாமான், குடுத்துருவோம்." தகடு தாளுக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

கேட்டுக்கொண்டீரா? பெரிய மனுசனாம். உமக்குத் தகுதியே இல்லாத ஒரு நல்ல பேரை என் வாயால் உமக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறோம். உம் வாசலில் நின்று, நீர் சொல்லாததை நீர் சொன்னதாக அப்பா ஒவ்வொருத்தரிடமும் சொல்லி அழுவார். நான் செருப்புப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். அவர் இருக்கிற வரைக்கும் இதை நான் தூக்கித்தான் ஆக வேண்டும். தோள் மாற்றவும் முடியாது.