ஏற்றத்துக்கு மட்டும் ஆயத்தம்

பெப்ரவரி 1, ஞாயிறு. எத்தாளை

காலையிலிருந்தே காற்று. வாசலில் மணல், கோப்பையில் மணல், பாண் துண்டைக் கடித்தால் அதிலும் மணல்.

நாளை புறப்பாடு. இதுவரை பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரருக்கு, கடற்கரை வரை போய்வர சைக்கிள் கொடுத்ததோடு சரி. இது முதலாவது நீண்ட சுற்று. புத்தளம், ஆனமடு, வாரியப்பொல, குருநாகல். அங்கிருந்து கலகெதர மலை ஏறி, காட்டு வழியாக மகாவலிக் கரை. நோன்புக்கு முன் இது ஒழுங்காக நடந்தால், பெருநாளுக்குப் பிறகு ஆட்கள் வருவார்கள். இல்லாவிட்டால் மச்சான்மார் வாயில் விழ வேண்டியதுதான்.

வருகிறவர்கள் பீட்டரும் மார்த்தாவும். கணவன் மனைவி, அறுபது கடந்தவர்கள், ஒல்லாந்து. கற்பிட்டிக் கோட்டை கட்டிய கூட்டமா என்று பகிடி விட்டேன். "அதுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் வந்தோம்" என்றார் மார்த்தா. பிடித்துப் போயிற்று. அவர்கள் ஊரும் எங்கள் ஊர் மாதிரித் தட்டையாம்.

ஆயத்தம்: கியர் சரி. செயின் புதிது. டியூப் நாலு. தண்ணீரில் கரைக்க ஜீவனி உப்புத்தூள், பேரீச்சம்பழம். என் பயமெல்லாம் ஏற்றம்தான். எத்தாளையில் மேடு ஏது? எதிர்காற்றில் மிதித்து மிதித்துப் பழகியிருக்கிறேன்.

அஸர் தொழுததிலிருந்து மஃரிப் வரை வீட்டுக்காரி ஹலீமா சைக்கிள்களோடு. தேங்காயெண்ணெய்த் துணியால் கைபிடி, கம்பி, ரிம், ஒன்று விடாமல், பிள்ளைக்குத் தேய்ப்பது போல. உப்புக்காற்றுக்கு இதைவிட மருந்து இல்லை. பக்கத்துக் கடைக்காரன் சைக்கிள்கள் சிவந்து போய் நிற்கின்றன, எங்களது பளபளப்பு. எல்லாம் இவள் கை.

"ரெண்டு தரம் பூசியிரிக்கி. துருப்புடிச்ச சைக்கிள்ல போய் மலநாட்டு ஆக்களுக்கு முன்னால நின்டா எனக்குத்தான் வெக்கம்."

பெ. 2, திங்கள். புத்தளம்

வெள்ளென வெளிக்கிட்டோம். களப்பு ஓரமாக நல்ல ஓட்டம். பீட்டர் ஒவ்வொரு கொக்குக்கும் நிற்கிறார். மார்த்தா நிற்பதே இல்லை, குமரிப்பிள்ளை மாதிரிப் பறக்கிறார்.

பஸ் நிலையத்தில் ஒருவர் இன்னொருவரிடம்: "இந்த வயசுல இவங்களுக்கு பஸ்ஸுக்குக் காசில்லயா?"

வெயில். முழங்கை எரிகிறது. ஹலீமாவுக்கு போன். சைக்கிளைப் பற்றித்தான் முதலில் கேட்டாள், என்னைப் பற்றி அப்புறம்.

பெ. 3, செவ்வாய். ஆனமடு

தென்னந்தோட்டம் முடிந்து காடு தொடங்கியது. கொடி விற்கிறவர்கள் வழியெல்லாம். நாளை சுதந்திர தினம்.

மார்த்தா பிரேக் மெதுவாகப் பிடிக்கிறது என்றார். கேபிளை இறுக்கிவிட்டேன். எனக்கும் அப்படித்தான், நான் எப்போது பிரேக்கைத் தேடினேன்? மிதிப்பதை நிறுத்தினால் மணல் நிறுத்தும், மிச்சத்தைச் செருப்பு நிறுத்தும்.

இரவுச் சாப்பாடு பராட்டா. பீட்டர் ஆறு. ஆறுதான், எண்ணினேன்.

பெ. 4, புதன். குருநாகல்

தெதுறு ஓயாவில் கால் நனைத்தோம். தண்ணீர் முழங்கால் வரைதான், ஆனாலும் என்ன குளிர்ச்சி! இரண்டு கரையிலும் மருதமரம். இப்படி ஒரு நிழலில் சைக்கிள் ஓட்டியதே இல்லை. வீட்டுக்காரியையும் ஒருநாள் கூட்டி வர வேண்டும். சொன்னால் "அந்த நேரம் கடையை யாரு பாக்குற" என்பாள்.

தூரத்தில் மலை தெரிகிறது.

பெ. 6, வெள்ளி. கண்டி, ஆஸ்பத்திரி

நேற்று எழுதவில்லை. விடிய விடிய வார்டு வாசலில்.

ஏற்றம் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் ஆச்சரியம். இறப்பர், மிளகுக்கொடி, ஒவ்வொரு வளைவிலும் காற்று குளிர்ந்து கொண்டே வந்தது. உச்சியில் பிளேன்டீ. நானும் மார்த்தாவும் கையில் கை அடித்துக்கொண்டோம். "கஷ்டம் முடிந்தது, இனி சும்மா உருளுவதுதான்" என்று சொன்னது நான். என் வாயால்தான் சொன்னேன்.

தேநீர்க் கடைக்காரர் எழுந்து வந்து, கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினார். "ஹெமின் மல்லி, ஹெமின்." மெதுவாகப் போகச் சொல்கிறார். தலையாட்டினேன்.

காட்டு வழி. பீட்டருக்கு முழங்கால் வலி, இறங்கி உருட்டிக்கொண்டு பின்னால். மார்த்தா முன்னால். நான் நடுவில். முதல் வளைவு தாண்டியதும் பிரேக்கைப் பிடித்தேன். பிடிக்கவில்லை. இன்னும் இறுக்கினேன். கைபிடியோடு ஒட்டிவிட்டது, சைக்கிள் தன் பாட்டில் போகிறது. செருப்பை ஊன்றினேன், செருப்பு கழன்று போனது. சைக்கிளை மண்மேட்டில் மோதவிட்டு விழுந்தேன். அவ்வளவுதான் எனக்கு. தோல் உரிந்தது.

மார்த்தா கத்தவில்லை. அதுதான் காதுக்குள் நிற்கிறது, அந்தச் சத்தமின்மை. இரண்டு கையாலும் பிரேக்கை இறுக்கிக்கொண்டு, வளைவில் வளைய முடியாமல், மதகுக் கட்டுக்கு மேலால் போனார். தலைக்கவசம் இல்லாவிட்டால் முடிந்திருக்கும்.

கீழே ஓடை. மூங்கில். இரத்தம் குறைவு, ஆனால் கண் திறக்கவில்லை. எங்கிருந்து இத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியாது. சாரத்தை அவிழ்த்துத் தூளி கட்டித் தூக்கினார்கள். ஒருவர் தன் லொறியில் இருந்த மரக்கறியைப் பாதி இறக்கிவைத்துவிட்டு எங்களை ஏற்றினார். பெயர்கூடக் கேட்கவில்லை. பீட்டர் மனைவியின் காலணியைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார்.

தலைக்குள் வீக்கமாம். பார்க்க வேண்டுமாம். தோள் எலும்பு இரண்டாக.

இன்று காலை சைக்கிள்களை எடுக்கத் தனியாகப் போனேன். மார்த்தாவின் ரிம்மைத் தடவினேன். வழுக்கியது. விரலை முகர்ந்தேன். தேங்காயெண்ணெய். மலைக்காட்டுக்குள், ஓடைச் சத்தத்துக்கு நடுவில், எங்கள் வீட்டு வாசம். பிரேக் கட்டையெல்லாம் ஊறிப் போயிருந்தது. வீதியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ரிம் துருப்பிடிக்கக் கூடாது என்று எத்தனை வருடமாய்ப் பூசுகிறோம். பிரேக் பிடிக்கிற இடமும் அதுதான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒருநாளும் உதிக்கவில்லை. உதிக்க எங்கள் ஊரில் இறக்கம் இல்லை.

கடையில் சோப்பு வாங்கி, ஓடையில் மூன்று சைக்கிளின் ரிம்மையும் தேய்த்துக் கழுவினேன். ஏன் கழுவினேன்? இனியும் யாரும் விழக்கூடாது என்று. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜும்ஆவில் குத்பா ஒன்றும் காதில் ஏறவில்லை.

பெ. 7, சனி. கண்டி

மார்த்தா கண் திறந்தார். அல்ஹம்துலில்லாஹ். அல்ஹம்துலில்லாஹ். பீட்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நடைபாதையில் நின்று அழுதேன், ஒரு தாதி கதிரை கொண்டு வந்து போட்டாள்.

பீட்டர் கேட்டார், "என்ன நடந்தது?" "தெரியாது" என்றேன். "வளைவு மோசம்." அவர் என்னை நிறைய நேரம் பார்த்தார். "ஓம், வளைவு" என்றார்.

பிறகு ஹலீமாவின் போன். இரண்டு நாளாக ஒன்றும் சொல்லாமல் வைத்திருந்தேன். சொல்ல வேண்டி வந்தது.

"எப்படி உழுந்தா?"

"நாய் ஒன்டு குறுக்க பாய்ஞ்சிது."

"யா அல்லாஹ். நான் ரெண்டு தரம் துடச்சி, துஆ ஓதித்தானே அனுப்பின. சைக்கிள்ல ஒன்டும் பிழ இல்லத்தானே?"

"ஒன்டும் இல்ல."

வேறு என்ன சொல்வேன்? அவள் கைப்பட்ட ஒரே பெருமை அதுதான். அதைப் பிடுங்கி அவள் கையில் ஒரு மனுசியின் மண்டையைக் கொடுப்பதா?

பெ. 10, செவ்வாய். எத்தாளை

நேற்று மார்த்தாவை அறைக்கு மாற்றினார்கள். எழுந்து உட்கார்கிறார். நீ வீட்டுக்குப் போ என்று அவர்களே அனுப்பினார்கள். இன்று பகல் லொறியில் வந்து சேர்ந்தேன்.

ஹலீமா முதலில் சைக்கிளிடம்தான் போனாள். கண்டியில் இரண்டு நாள் மழை, வரும் வழியில் களப்போரக் கடற்காற்று. கழுவிய ரிம்மில் அதற்குள் சிவப்பு.

"இத சோப்புப் போட்டுக் கழுவினது யாரு?"

"நான்தான். சேறு."

"மத்த எடமெல்லாம் எண்ண இரிக்கி. ரிம்ம மட்டுமா சேறு புடிச்சிது?"

அவள் பிரேக் கட்டையை விரலால் அழுத்தினாள். பிறகு பின்னால் நிற்கிற, கழுவாத ஒரு சைக்கிளைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக்கைப் பிடித்தாள். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. திரும்பவும் பிடித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"நாய் என்ன நெறம்?"

கறுப்பு என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்ல முடியவில்லை. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். வாளியையும் சோப்பையும் எடுத்து வந்து, நின்ற சைக்கிள் அத்தனையின் ரிம்மையும் ஒவ்வொன்றாகக் கழுவினாள். நானும் குந்தித் தண்ணீர் ஊற்றினேன். கடைசிச் சைக்கிள் முடிந்ததும் கையைத் துடைத்தாள்.

"அந்த மனிசிக்குப் போன் எடுங்க. நான் கதைக்கணும்."

"அவக்குத் தமிழ் தெரியாதே."

"நீங்க சொல்லுங்க."

மார்த்தாவின் முகம் போனில் வந்தது. தோளில் கட்டு, கண்ணுக்குக் கீழ் நீலம். ஹலீமாவைக் கண்டு சிரித்தார். ஹலீமா சிரிக்கவில்லை.

"ரிம்முல ஒயில் பூசினது நான். அதாலதான் பிரேக் புடிக்கல்ல. நாயும் இல்ல, வளைவும் இல்ல. தெரியாமச் செஞ்சது, ஆனா செஞ்சது நான்தான். என்ன மன்னிக்கணும். சொல்லுங்க."

மாற்றிச் சொல்லியிருக்கலாம். சுகம் விசாரிக்கிறாள் என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் வராது, ஒயில் என்ற சொல் மட்டும் தெரியும். அது வருகிறதா என்று காத்திருந்தாள்.

சொன்னேன். எல்லாவற்றையும். கழுவியதையும் சேர்த்து.

மார்த்தா கண்ணை மூடித் திறந்தார். பக்கத்திலிருந்து பீட்டரின் குரல் மெதுவாக ஏதோ கேட்டது. மார்த்தா அவருக்குத் தலையாட்டினார்.

"தெரியும்" என்றார். "பீட்டருக்கு அன்றைக்கே தெரியும். என் கையுறையில் எண்ணெய் இருந்தது. அடுத்த நாள் நீங்கள் ஓடையில் சைக்கிள் கழுவியதை, என் பையைத் தேடி உங்களுக்குப் பின்னால் வந்த பீட்டர் மேலே வீதியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் நின்றார். எப்போது சொல்வீர்கள் என்று காத்திருந்தோம்."

ஹலீமா என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"என்ன சொல்றா? சொல்லுங்களேன், என்ன சொல்றா?"