கிணறு எண் பதினான்கு

ஹால்வர்சன் பண்ணை, விஸ்கான்சின்
ஜூலை 3

அன்புள்ள டெஸ்ஸா,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று தெரியவில்லை, போய் ஐந்து நாளாகிறது, ஒரு வரி இல்லை. ஏரிக்கரை ஆய்வுக்கூடத்தில் கைப்பேசி எடுக்காது என்றதும் வகுப்பே அலறியது, நீ மட்டும் சிரித்தாய். இப்போது மரியாதையாகப் பேனாவைப் பிடி.

நானும் வந்திருக்க வேண்டியவள். இரண்டாம் புல்லறுப்பும் பால் கறவையும் என்னை விடவில்லை. பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் படித்துக் கல்லூரிக் கணக்கில் மதிப்பெண் சேர்க்கலாம், அதுவும் இலவசம் என்றால் அப்பாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. "சும்மா குடுக்கறாங்கன்னா அதுல ஏதோ கொக்கி இருக்கு" என்கிறார். இலையுதிர் பருவ வகுப்புக்கும் அவர் கையெழுத்து வேண்டும். இந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கப் போகும் முதல் ஆள் நான்தான் என்பது நினைவிருக்கட்டும்.

நான் கொடுத்தனுப்பிய புட்டி எங்கள் கிணற்றுத் தண்ணீர். அதோடு தந்த அனுமதித் தாளில் கிணற்று உரிமையாளர் இடத்தில் அப்பாவின் கையெழுத்தை நானே போட்டுவிட்டேன். வகுப்பு விதிப்படி கிணற்றுக்கு எண்தான், பெயர் கிடையாது. எங்களுடையது பதினான்கு. உன் வாயைத் தைத்துக்கொள்.

அண்ணன் மகள் ஆல்மாவுக்கு மூன்று மாதம் முடிந்தது. என் விரலைப் பிடித்தால் விடுவதில்லை. அப்பாவின் வயிற்றுக் கோளாறு அப்படியேதான் இருக்கிறது. இரண்டு வருடமாகக் கடைத் தண்ணீர் ஜாடியை வண்டியில் வைத்துக்கொண்டே திரிகிறார். குழாயில் குடிக்கும் எங்களைப் பார்த்து, "குடுத்து வெச்ச வயிறுடா உங்களுக்கு" என்பார்.

உன்
மாரிட்

*

ஏரிக்கரை ஆய்வுக்கூடம்
ஜூலை 9

அன்பு மாரிட்,

கொசு என்னைப் பாதி தின்றுவிட்டது. அதைப் பிறகு எழுதுகிறேன், முதலில் இதைப் படி.

பதினான்காம் கிணற்றில் நைட்ரேட் லிட்டருக்கு முப்பத்தொன்று மில்லிகிராம். பத்தைத் தாண்டக் கூடாது. மூன்று முறை சோதித்தேன். ஆல்மாவின் புட்டிப்பாலை அந்தத் தண்ணீரில்தானே கலக்கிறீர்கள்? உடனே நிறுத்தச் சொல். கொதிக்க வைத்தால் இன்னும் கூடும். அது பச்சைக் குழந்தையின் ரத்தத்தில் பிராணவாயு ஏறாமல் செய்துவிடும்; உதடு நீலமாகத் தெரிந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ.

உன்னைக் கேட்காமல் யாரிடமும் சொல்ல மாட்டேன். உடனே பதில் போடு.

டெஸ்ஸா

*

ஜூலை 12

மாரிட்,

இன்று அலுவலகத் தொலைபேசியில் உன் வீட்டுக்குக் கூப்பிட்டேன். உன் அப்பா எடுத்தார். "அவ புல்லு வெட்டப் போயிருக்கா, வந்ததும் சொல்றேம்மா" என்றார். இரவு வரை அந்தத் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

கோபமா? இருக்கட்டும், ஒரு வரி எழுதிவிட்டுக் கோபப்படு. திங்கட்கிழமைக்குள் தகவல் இல்லையென்றால் பேராசிரியரிடம் சொல்லிவிடுவேன். எனக்குத் தூக்கம் வரவில்லை.

டெஸ்ஸா

*

ஜூலை 17

டெஸ்ஸா,

நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாவட்டச் சுகாதார நர்ஸ் எங்கள் வாசலில் நின்றாள். கையில் நான் உனக்குக் கொடுத்த தாள். "இது உங்க கையெழுத்தா சார்?" என்று எல்லோர் முன்னாலும் அப்பாவிடம் கேட்டாள்.

என் கிணற்றின் கணக்கை முன்பின் தெரியாத ஒருத்தி வாயிலிருந்து கேட்டேன். எனக்கு நீ ஒரு வரிகூட எழுதவில்லை. இரண்டு வாரம் தினமும் தபால் பெட்டிக்கும் வீட்டுக்கும் நடந்த முட்டாள் நான். கொடுத்த வாக்கை விற்று நல்ல பெயர் வாங்கிக்கொண்டாய்.

அண்ணி பச்சைக் குழந்தையை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ரத்தத்தில் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம், ஆல்மா தப்பித்துவிட்டாள். அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும், ஆனால் வாய் வரவில்லை.

அப்பா சொன்னது இது: "கள்ளக் கையெழுத்துப் போடத்தான் அந்தக் காலேஜ்ல சொல்லித் தர்றாங்களா? இனிமே என் கையெழுத்துக் கெடையாது." என் படிப்பு அதோடு முடிந்தது. உனக்குத் திருப்திதானே?

மாரிட் ஹால்வர்சன்

*

ஜூலை 20

மாரிட்,

இதை என்னைப் பார்க்க வந்த அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில் தவிர வேறு யாரிடமும் தரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

பேராசிரியரிடம் சொன்னது நான்தான். தாளையும் நான்தான் கொடுத்தேன். நீ என்னைத் திட்டலாம்.

ஆனால் ஒன்பதாம் தேதி ஒரு கடிதமும் பன்னிரண்டாம் தேதி ஒரு கடிதமும் போட்டேன். போனும் செய்தேன். அந்த மூன்றும் உன்னிடம் வரவில்லையென்றால், நடுவில் யார் இருந்தார்கள் என்பதை நான் எழுத மாட்டேன். நீயே பார்த்துக்கொள்.

டெஸ்ஸா

*

ஜூலை 23

டெஸ்ஸா,

பார்த்துவிட்டேன்.

தொழுவத்தில் கன்றுக்குட்டி மருந்து வைக்கும் இழுப்பறையில் உன் இரண்டு கடிதங்களும் இருந்தன, பிரித்த நிலையில். அவற்றுக்கு அடியில் மாவட்ட அலுவலகத்தின் தண்ணீர்ச் சோதனைத் தாள் ஒன்று. எங்கள் கிணறு, நைட்ரேட் இருபத்தாறு. தேதி இரண்டு வருடத்துக்கு முந்தியது. அதில் இருந்த கையெழுத்து அப்பாவுடையதே, நான் போட்டதல்ல.

கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். "புதுக் கிணறு தோண்டற வரைக்கும் வெளிய தெரிய வேணாம்னு பார்த்தேன். பெரியவங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

"அப்ப உங்க கடைத் தண்ணி ஜாடி எதுக்குப்பா?" என்று கேட்டேன்.

அவர் கறவைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். அண்ணனும் அண்ணியும் ஆல்மாவைத் தூக்கிக்கொண்டு அண்ணியின் தாய் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அன்று இரவு நானும் அம்மாவும்தான் மேசையில். குழாயை யாரும் திறக்கவில்லை. கல்லூரித் தாளை அம்மாவிடம் நீட்டினேன். ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டாள்.

என் தாளை நீ கொடுத்தது எனக்கு இன்னும் வலிக்கிறது. அந்தக் கையெழுத்தைக் காட்டாமல் எந்தக் கிணறு என்று மட்டும் சொல்லியிருக்கலாம். செப்டம்பரில் வகுப்புக்கு வருவேன். உன் பக்கத்தில் உட்காருவேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

ஆனாலும் எழுது. பள்ளி முகவரிக்கு எழுது. எங்கள் வீட்டு முகவரிக்கு வேண்டாம்.

மாரிட்