மிகுதியில் நிற்கும் தம்பிக்கு

என் தாணு,

ஸ்ரீவராகத்து வீட்டில் அம்மா சுகம். மழைக்கு மூட்டுவலி மட்டும் கூடுகிறது. உன் மகள் பள்ளியில் மலையாளக் கட்டுரை ஒன்று எழுதி, அதில் உன்னை 'அச்சன்' ஆக்கியிருக்கிறாள். வீட்டுக்கு வந்தால் 'அப்பா' என்கிறாள். நீ இருந்திருந்தால் அவளை எப்படியெல்லாம் கேலி செய்திருப்பாய்?

உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கும் சேதி ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

"எங்க அக்காவுக்கு ஆபீஸ்ல செத்தவங்கள எண்ணுத வேலை" என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாய். பொய்யில்லை. மாவட்டத்தில் பதிவாகும் இறப்புகளை வயது வாரியாக, ஆண் பெண் வாரியாகப் பிரிக்கிறோம். முந்தைய சில ஆண்டுகளை வைத்து, இந்த ஆண்டு இத்தனை பேர் இறக்கக்கூடும் என்று கணிப்போம். அதற்கு எதிர்பார்த்த இறப்பு என்று பெயர். உண்மையில் நடந்ததிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சும் மிகுதிதான் மிகை இறப்பு.

நீ போன ஆண்டின் கணக்கு வந்தபோது மேலதிகாரி சுஜா மேடம் என்னைத் தனியே கூப்பிட்டார். "பகவதி, இது நீ செய்யண்டா" என்றார். நான் செய்ய வேண்டாம், வேறு யாரிடமாவது கொடுப்பதாகச் சொன்னார். இல்லை, நானே செய்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? இறந்தவர்களின் அந்தக் கூட்டத்தில் உன்னைக் கண்டுவிடலாம் என்று நினைத்தேனோ என்னவோ.

அன்று காலை நீ விதுராவில் ஒரு கடைக்கு இன்வெர்ட்டர் மாட்டப் புறப்பட்டாய். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாய். விதுராவில் எல்லோரும் இறங்கிய பிறகும் நீ எழுந்திருக்கவில்லை. முப்பத்தாறு வயது. மாரடைப்பு என்று எழுதினார்கள். பதினாறாம் நாள் கழிவதற்குள் ஊர் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்துவிட்டது. குடித்திருப்பான் என்றார்கள், நீயா குடிப்பாய்? வீட்டில் ஏதும் சண்டையா என்று உன் மனைவி உமாவிடமே கேட்டார்கள்.

அந்த பஸ்ஸின் கண்டக்டரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். வழியில் நெடுமங்காட்டில் கூட்டம் ஏறியபோது யாரோ உன் தோளைத் தட்டி எழுப்பப் போனாராம். பாவம், தூங்கட்டும் என்று இவர்தான் தடுத்தாராம். அதைச் சொல்லும்போது அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நெடுமங்காட்டில் உனக்கு உயிர் இருந்ததா, தாணு? அதே பஸ்ஸில் நான் பலமுறை போய் வந்துவிட்டேன். ஒவ்வொரு வளைவிலும் இங்கேயா, இங்கேயா என்று மனசு கேட்டுக்கொண்டே வருகிறது.

கணக்குக்கு வருகிறேன். பெண்களின் வரைகோடு பழைய ஆண்டுகளைப் போலவே போயிற்று. இருபத்தைந்து முதல் நாற்பத்துநாலு வயது வரையுள்ள ஆண்களின் கோடு மட்டும் தனியாக மேலே ஏறி நின்றது. மேடம் அவசரப்படவில்லை. நாகர்கோவிலிலிருந்தும் தென்காசியிலிருந்தும் கட்டட வேலைக்கு, ஹோட்டல் வேலைக்கு வந்து இங்கே சாகிறவர்கள் இறப்பில் சேர்ந்துவிடுவார்கள், நம் மக்கள்தொகையில் இருக்க மாட்டார்கள். அதனாலேயே விகிதம் ஏறித் தெரியலாம், சரி பார் என்றார். அவர் சொன்னது நியாயம். அவர்களை விலக்கிப் பார்த்தேன். தாமதமாகப் பதிந்தவற்றையும் அந்தந்த ஆண்டுக்கு நகர்த்தினேன். மிகுதி குறைந்தது.

குறையக் குறைய மறுபடி மறுபடி கூட்டிப் பார்த்தேன். சந்தோஷப்பட வேண்டியவள்தானே நான்? ஆனால் அந்த மிகுதி எனக்கு வேண்டியிருந்தது. அது இல்லாமல் போனால் நீ காரணமே இல்லாமல் போனவன் ஆகிவிடுவாய் என்று பயந்தேன். எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகும் ஒரு பகுதி அப்படியே நின்றது. ஏன் என்று எண் சொல்லாது. நின்றது, அவ்வளவுதான்.

உன் முதல் திதிக்கு உமா தன் அம்மா வீட்டிலிருந்து வந்திருந்தாள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"மைனி, நீங்க கணக்கு போட்டீங்கள்லா. அவிய எதுல சேத்தி? எப்பிடியும் போகக்கூடியவியளா, இல்ல அந்தக் கூடுதல்லயா?"

நீ எதில் சேர்த்தி என்று தெரியாது என்றேன். எத்தனை பேர் கூடுதல் என்று சொல்லலாம், யார் யார் என்று சொல்ல வழியில்லை என்றேன். அவள் கழுவிய சட்டியையே திரும்பவும் கழுவினாள்.

"அண்ணைக்கு காலைல தோளு வலிக்குன்னு சொன்னாவ. சாயங்காலம் வாங்க, தைலம் தேச்சு விடுதேன்னேன். இத நான் யாருட்டயும் சொல்லல."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இன்னும் எத்தன வீட்டுல, மைனி, எவளாவது இப்பிடி நெனச்சிட்டுக் கெடப்பா?"

அவளுடைய ஈரக்கையைப் பிடித்துக்கொண்டேன். வெறும் தோள் வலி என்றால் யாராக இருந்தாலும் வேலைக்கு அனுப்பித்தான் இருப்பார்கள், நானும் அனுப்பித்தான் இருப்பேன் என்று சொன்னேன். அவள் நம்பினாளா தெரியவில்லை. அந்தக் கணக்கின் அறிக்கையில் இந்த வயது ஆண்களுக்கென்று தனிப் பகுதி எழுதினேன். வேலை செய்கிற இடத்திலேயே பரிசோதனை வேண்டும், தோள் வலியையும் விடக்கூடாது என்று சேர்த்தேன். மேடம் ஒரு வரியையும் வெட்டாமல் கையெழுத்துப் போட்டார். மேலே போயிருக்கிறது. யார் படித்தார்களோ.

இப்போது அடுத்த கணக்கு தொடங்கியிருக்கிறது. புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி ஒருவர், கடந்த ஆண்டுகளின் சராசரியில் நீ போன ஆண்டையும் சேர்த்துவிடலாம் என்றார். சேர்த்தால் என்ன ஆகும் தெரியுமா? எதிர்பார்க்கும் எண்ணிக்கை கூடிவிடும். இனி உன்னைப் போலப் போகிறவர்கள் மிகுதியாகத் தெரிய மாட்டார்கள். வழக்கமாகிவிடுவார்கள்.

வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். அம்மா கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டாள்.

"என் பிள்ள போவான்னு யாரு மக்கா எதிர்பாத்தா?"

மறுநாள் ஆபீஸ் கூட்டத்தில் அந்த ஆண்டை விலக்க வேண்டும் என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை. முறைப்படி காரணம் மட்டும் சொன்னேன். அந்த அதிகாரி நல்லவர், கேலியாகக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டும் கோடு இறங்காவிட்டால் அதையும் விலக்குவீர்களா, எத்தனை ஆண்டுகளை இப்படி விலக்குவீர்கள் என்றார். இப்போதைக்கு விலக்கலாம் என்று மேடம் முடித்துவைத்தார். அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது, இன்னும் போகவில்லை.

ஆனாலும் கேள், தாணு. நான் அந்த மேசையில் இருக்கும்வரை உன் ஆண்டைச் சராசரியில் கரைக்க விடமாட்டேன். கோடு இறங்குகிறதா என்று ஒவ்வோர் ஆண்டும் பார்ப்பேன். இறங்கினால் உமாவிடம் நானே போய்ச் சொல்வேன். இறங்காவிட்டாலும் சொல்வேன்.

உன் கூடப்பிறந்த அக்கா,
பகவதி