கேட் பெட்டியில் இருந்த போன்

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து சாரல். ஸ்வெட்டரைத் தேடி எடுத்தால் பூச்சி அரித்திருக்கிறது. சனியன்.

புது அசெம்ப்ளி மெஷின் இன்னும் மக்கர். பதினெட்டாம் தேதிக்குள் ஓடியாக வேண்டும். அதை நிறுவ வந்திருக்கும் ஒக்ஸானா காலையிலேயே என் மேஜைக்கு வந்தாள். உக்ரைன்காரி, முப்பத்துநாலு வயது. வேலை பார்ப்பது போலந்தில். அம்மா மட்டும் கார்கிவில், தனியாக. அங்கே ராத்திரியெல்லாம் குண்டு. விடிந்ததும் அம்மா போனில் ஒரு கூட்டல் குறி அனுப்புவாளாம். உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். நம் நேரத்துக்குப் பத்தரை.

"அந்தப் பத்து நிமிடம் மட்டும் போன் என்னிடம் இருக்கட்டும்" என்றாள்.

முடியாது என்றேன். போன வருஷம் போனைப் பார்த்துக்கொண்டே கைவைத்த ஒரு பெண்ணுக்கு இரண்டு விரல் போயிற்று. அன்றிலிருந்து எல்லோர் போனும் கேட்டில், செக்யூரிட்டி பெட்டியில். நம்மூர் ஆட்களுக்கும் அதுதான், ஒடிசா, பீகார் ஆட்களுக்கும் அதுதான். வெள்ளைக்காரிக்கு மட்டும் தனிச் சட்டமா? சாப்பாட்டு நேரத்தில் பார்த்துக்கொள் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ப்ளான்ட் ஹெட் கூப்பிட்டார். அடுத்த மாதம் சென்னையில் மேலாளர்கள் கூட்டம். "பல நாட்டு ஆளுங்களை வச்சு வேலை வாங்கறது பத்தி நீங்க பேசணும் மேடம். லீடர்ஷிப். அஞ்சு பாயின்ட் போதும்."

1. சட்டம் எல்லோருக்கும் ஒன்று.

மீதி நாலு யோசிக்க வேண்டும். வெந்தயம், பினாயில் வாங்க வேண்டும்.

ஜூலை 9, புதன்

சாரல் நிற்கவில்லை. இவர் கிருஷ்ணகிரியிலிருந்து வர எட்டரை. மாம்பழக்கூழ் ஆலையில் சீசன் முடிகிற நேரம், சட்டையெல்லாம் மாம்பழ வாசனை.

லைன் லீடர் கௌரி, வீட்டில் தெலுங்கு, லைனில் தமிழ், சண்டை என்றால் கன்னடம். இன்று தானாக வந்து சொன்னாள்: "மேடம், ஒக்ஸானா பத்தரை ஆச்சுன்னா கேட்டையே பாத்துக்கினு வேல பண்ணுது. மத்தியானம் கேட்டுக்கு ஓடிப் போயி போனைப் பாத்துட்டு வந்தப்பறம்தான் தட்டையே தொடுது."

கேட்டுக்கொண்டேன். ஒன்றும் செய்யவில்லை.

ஜூலை 11, வெள்ளி

எப்படி எழுத.

பன்னிரண்டரைக்கு ஒக்ஸானா கேட்டுக்குப் போனாள். திரும்பவில்லை. நான் போனபோது செக்யூரிட்டி ரூம் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் போன். அழவில்லை. அதை என்னிடம் நீட்டினாள். அம்மாவிடமிருந்து மூன்று அழைப்பு. 10.20, 10.45, 11.10. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரின் செய்தி. கட்டடம் விழுந்து அம்மா உள்ளே மாட்டிக்கொண்டாள். கையில் போன் இருந்திருக்கிறது. ஆள்கள் தோண்டி எடுப்பதற்குள் முடிந்துவிட்டது.

செக்யூரிட்டி முனியப்பன், தொரப்பள்ளிக்காரர், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "போன் அடிச்சிக்கினே இருந்துச்சும்மா. மூணு வாட்டி. எடுத்தாந்து குடுக்கலாம்னுதான் எந்திரிச்சேன். யாரா இருந்தாலும் குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

ஆமாம். நான்தான் சொன்னேன்.

ஜூலை 12, சனி

தூக்கம் இல்லை. இவர் சொல்கிறார், "சட்டம்னா சட்டந்தானே, நீ என்ன பண்ணுவ?" ஆறுதலாம். கரண்டியைத் தூக்கி எறியலாம் போல் வந்தது.

கௌரி காலையில் போன் செய்தாள். "அந்தப் பொண்ணுக்கு இங்க யாரு மேடம் இருக்கா? நாமதான் போயாவணும்." பதினொரு பேர் அவள் தங்கியிருக்கும் கெஸ்ட் ஹவுஸுக்குப் போனோம். கௌரியின் தூக்குச்சட்டியில் தயிர்சாதம். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாதே, அதனால். பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அரை மணி. பிறகு ஒவ்வொருவராக எழுந்து, வரேன் என்று சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தார்கள். நம் வழக்கம் அது.

நான் போனது மன்னிப்புக் கேட்க. வழியெல்லாம் ஆங்கிலத்தில் வாக்கியம் கட்டிக்கொண்டு போனேன். எல்லோரும் எழுந்ததும் நானும் எழுந்தேன். சொல்லாமல் வந்தேன்.

ஜூலை 14, திங்கள்

வெயில், ஆறு நாளுக்குப் பிறகு.

ஒக்ஸானா நேற்று கௌரியிடம் போன் மொழிபெயர்ப்பில் கேட்டிருக்கிறாள்: ஏன் எல்லோரும் ஒரு வார்த்தை சொல்லாமல் போனீர்கள், நான் ஏதாவது தப்பாக நடந்துகொண்டேனா? பாவம், ராத்திரி முழுக்க இதையே நினைத்திருக்கிறாள். "சாவு வீட்ல வரேன்னு சொன்னா மறுபடி சாவுக்கு வரேன்னு ஆயிடும், அதான் சொல்லலன்னு சொன்னேன் மேடம். அப்பறம்தான் ஓன்னு அழுதுச்சு."

கௌரி சொல்லாமல் வந்தது மரியாதை. நான் சொல்லாமல் வந்தது பயம். வழக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ப்ளான்ட் ஹெட்: "ஒக்ஸானாவுக்கு டிக்கெட் நாளைக்குத்தானே? தள்ளிப் போட்டு ட்ரையல் முடிச்சிட்டுப் போகச் சொல்ல முடியுமா? பக்குவமா கேளுங்க." முடியாது சார் என்றேன். பதினெட்டாம் தேதி போனால் போகட்டும். அவர் முகம் கறுத்துவிட்டது. போகட்டும்.

மதியம் லைனை நிறுத்தி எல்லோரையும் கூப்பிட்டேன். இனி கௌரியிடம் ஒரு போன் இருக்கும். அந்த நம்பரை எல்லோரும் வீட்டில் கொடுக்க வேண்டும். யாருக்கு அழைப்பு வந்தாலும் மெஷினை நிறுத்திவிட்டு ஆளை அனுப்புவாள். இவ்வளவுதான். விரலும் போகாது. போன வருஷமே இது ஏன் தோன்றவில்லை எனக்கு?

ஒடிசாக்காரர் பிரமோத் நம்பரை எழுதிக்கொண்டு நின்றார். "மேடம், எங்க அப்பா செத்தது காலை ஒன்பது மணி. நான் தெரிஞ்சது சாயங்காலம். போன தீபாவளி."

ஏன் சொல்லவில்லை?

"ரூல், மேடம்."

சட்டம் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது. முதல் பாயின்டை அடித்துவிட்டேன். சென்னைக்கு வேறு யாராவது போகட்டும்.

ஜூலை 15, செவ்வாய்

காற்று. மூன்று மணிக்குக் கெஸ்ட் ஹவுஸ். நான் மட்டும். நாலு மணிக்கு அவளுக்குப் பெங்களூர் ஏர்போர்ட் கார். போலந்துக்கு விமானம், அங்கிருந்து ரயில். அடக்கம் வியாழக்கிழமை. போய்ச் சேர முடியுமா தெரியவில்லை.

பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்று சொன்னேன். கட்டிவைத்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. "நீ போன் கேட்டாய். நான் மறுத்தேன். வெறும் பிடிவாதம். சனிக்கிழமை சொல்ல வந்தேன், பயந்து ஓடிவிட்டேன். தப்பு என்னுடையது."

துணியை மடித்து முடித்தாள்.

"உங்களைத் திட்ட வேண்டும்" என்றாள். "இன்று சக்தி இல்லை."

"எப்போது வேண்டுமானாலும் திட்டு" என்றேன்.

பெட்டியை மூட ஜிப் வரவில்லை. நான் மேலே அழுத்திப் பிடித்தேன், அவள் இழுத்தாள். மூடியதும் அதன் மேலேயே உட்கார்ந்தாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"எடுத்திருந்தால் அம்மா என்ன சொல்லியிருப்பாள்?"

தெரியாது என்றேன்.

"எனக்கும்."

கார் ஹார்ன் அடித்தது.