எந்திரத்துக்கு நாற்று வளர்த்தவளுக்கு

இன்று காலை விதைநெல் சாக்கைப் பிரித்தேன். குப்பென்று அந்தப் புளித்த வாசனை. ஊறவைத்த நெல் முளைவிடும்போது வருகிற வாசனை உனக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? சாக்குக்குள் மூக்கை விட்டு, "கள்ளுக்கடை வாசம் அடிக்குதுடி, சரக்கு ரெடி" என்பாய். இன்று நானே அதைச் சொல்லிப் பார்த்தேன். மற்ற பெண்கள் சிரித்தார்கள்.

நடவு எந்திரம் ஊருக்குள் வந்த வருஷத்தை நினைத்துக்கொண்டேன். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தும், ஒருவரும் நம்மை நடவுக்குக் கூப்பிடவில்லை. கீழத்தெருவில் நாம் பத்துப் பேர். ஒருத்திக்கும் கையகல நிலம் கிடையாது. கட்டையில போற எந்திரம் என்று நான் வாய் வலிக்கத் திட்டினேன். நீயோ வரப்பில் போய் நின்று அரைநாள் அதை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தாய்.

"அதுக்கு நடத்தான்டி தெரியும், நாத்து வளக்கத் தெரியாது. வெளியூர்லேருந்து வண்டியில வருது. அதை நாம வளத்துக் குடுத்தா என்ன?"

"வயலுக்கு எங்கடி போறது?" என்று சீறினேன்.

"வயல் எதுக்கு? பிளாஸ்டிக் தாளை விரிச்சு, ரெண்டு விரக்கடை உசரத்துக்கு மண்ணைப் போட்டு வெதைக்கிறாங்க. வேர் பின்னுனதும் பாய் மாதிரி சுருட்டிக் குடுக்கிறாங்க. இதுக்கு நிலம் வேணாம்டி, தரை போதும்."

மாதா கோயிலுக்குப் பின்னால் கிடந்த பொட்டலைப் பங்குச் சாமியாரிடம் கேட்டு வாங்கினாய். வேளாண்மை ஆபீசுக்கு நடையாய் நடந்து முறையைக் கற்று வந்தாய். முப்பது மா, பத்து ஏக்கர் நிலம் வைத்திருக்கும் மேலத்தெருக்காரரிடம், சோதனைக்கு ஒரு மா வயலுக்கு மட்டும் நாற்றுத் தருவதாகப் பேசியும் முடித்தாய்.

கெடுத்தது நான். நாற்றுக் கொடுக்க வேண்டிய அன்று, உன் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாய். சுருட்டித்தான் கொடுக்க வேண்டும் என்று நீ சொன்னது காதில் விழாமல் இல்லை. ஆனால் வேரில் மண்ணோடு நாற்றுக் கொடுப்பதா? நாலு நடவுக்காரி பார்த்தால் காறித் துப்ப மாட்டாளா? அத்தனை பாயையும் பிரித்து, வேரை அலசி, கை நடவுக்குக் கட்டுகிற மாதிரி கைப்பிடி கைப்பிடியாக முடி கட்டி வரப்பில் அழகாக அடுக்கி வைத்தேன். எந்திரக்காரர் தலையில் கை வைத்தார். பாயாக இருந்தால்தான் எந்திரம் பிய்த்து நடுமாம். "இதுக்குத்தான் இவளுங்களை நம்பக் கூடாதுங்கிறது" என்று மேலத்தெருக்காரர் கத்தினார்.

மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினாய். முடிகளைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். அடிப்பாய் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய், பாவி! பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலத்தெருக்காரரிடம் போனாய்.

"எந்திரம் நடாட்டி என்னங்க? முடி கட்டுன கை நட்டும் குடுக்கும். பொழுது சாயறதுக்குள்ள முடிச்சுடுறோம். அடுத்த வயலுக்குப் பாயாவே தர்றோம், எங்களுக்கே சொல்லுங்க."

பத்துப் பேரும் இறங்கி நட்டோம். அவர் வரப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். மறுவாரம் பாய் நாற்றுக் கேட்டு ஆளனுப்பினார்.

நீ போய்ச் சேர்ந்து மூன்று குறுவை ஆகிறது. ஊருக்கெல்லாம் வழி கண்டுபிடித்தவள், வாங்கி வந்த மாத்திரையை ஒழுங்காக விழுங்கினாயா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. எந்திரம் தின்ற வேலை முழுவதும் திரும்பி வந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நம் தெருவிலிருந்து ஒருத்தியும் பிழைப்புத் தேடித் திருப்பூருக்கு பஸ் ஏறவில்லை. திருக்காட்டுப்பள்ளிப் பக்கமிருந்துகூட நம் நாற்றுக்கு வண்டி வருகிறது. கீழத்தெருப் பெண்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று யாராவது சொன்னால் இப்போது நான் சண்டைக்கே போகிறேன்.

இன்று விதைத்து முடித்து, பொட்டலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அதே மேலத்தெருக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"ரெண்டு நாள் முன்னாடி தர முடியுமாம்மா? எந்திரத்துக்குச் சொல்லிட்டேன்."

முன்பெல்லாம் நாளைக்கு நடவு, வந்துடுங்க என்று இவர்கள்தான் நமக்கு நாள் சொல்வார்கள். நாம் தலையாட்டுவோம். வேறு பேச்சு இருந்ததா நமக்கு?

"முடியாதுங்க. பதினஞ்சு நாள் ஆகாம வேர் பின்னாது, தூக்குனா பிஞ்சுரும். எந்திரத்தை ரெண்டு நாள் தள்ளி வரச் சொல்லுங்க."

"சரிம்மா" என்று வண்டியைத் திருப்பினார்.

அவர் தெருமுனை தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவ்வளவு நேரமும் அவர் நின்றுகொண்டிருந்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லையடி.