காமாட்சி அடுக்கிய கட்டைகள்

அக்கா,

இன்று காலை பட்டறையில் ஒரு பலா மரத்தை அறுத்துக்கொண்டிருந்தேன். ரம்பம் பாதி இறங்கியதும் மஞ்சள் தூள் பறந்து கழுத்தெல்லாம் ஒட்டிக்கொண்டது. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் கை தானாக நின்றுவிட்டது. மரத்தைக் கொண்டுவந்து இறக்கியவர் உங்கள் மலையில் ஆலத்தூர் நாட்டுக்காரர். அவரிடம் உங்களை விசாரித்தேன். நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு மாதமாயிற்று, எனக்குச் சேதி வரவில்லையா என்று என்னையே திருப்பிக் கேட்டார். அப்புறம் வண்டியைப் பூட்டிக்கொண்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

எனக்கு மரத்தில் கோடு கிழிக்க வரும், காகிதத்தில் வராது. உங்களுக்கோ எழுத்தே தெரியாது. இதை நீங்கள் உயிரோடு இருந்தபோது அனுப்பியிருந்தாலும் யாராவதுதான் படித்துக் காட்டியிருக்க வேண்டும், அந்த வெட்கத்திலேயே நான் எழுதாமல் இருந்திருப்பேன். இப்போது யாரும் படிக்கப் போவதில்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கிற காலம், அதனால் வெளிச்சம் இருக்கும்போதே எழுதி முடித்துவிடுகிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் துரை பங்களாவுக்குக் கதவு ஜன்னல் செய்ய ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து உளியும் இழைப்புளியும் சுமந்துகொண்டு, பெண்டாட்டியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மலை ஏறினேன். நல்ல கூலி என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் இருந்த காரணம் வேறு. காமாட்சிக்கு அப்போது ஐந்து வயது முடிந்திருந்தது. அம்மா என்றுகூட அவள் வாய் திறந்து சொன்னதில்லை. கூப்பிட்டால் சில சமயம் திரும்புவாள், சில சமயம் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கள் தெருவில் ஆளுக்கொரு பேச்சு பேசினார்கள். அந்தப் பேச்சு காதில் விழாத உயரத்துக்குப் போய்விட வேண்டும் என்றுதான் நான் மலை ஏறினேன்.

தங்க இடம் கேட்டு வந்து நின்ற எங்களை நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தீர்கள். மிளகுக் கூடைகளை ஒரு பக்கம் தள்ளி, சாமைக் குதிருக்கு இந்தப் பக்கம் எங்களைப் படுக்கச் சொன்னீர்கள். என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவர். தனியாளாக நின்று காட்டைப் பார்த்துக்கொண்டவர். முதல் நாளே பிள்ளையின் தாடையைப் பிடித்து, "வா கண்ணு" என்றீர்கள். பேசாத பிள்ளை என்று நான் சொன்னதற்கு, "அதுக்கென்னுங்க, பேசறவங்கதான் ஊடு நெறைய இருக்கறமே" என்றீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. என் கவலையை இந்தம்மா விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

பங்களா வேலை முழுக்கப் பலாப் பலகையில்தான். பலகையின் நுனி வெடித்திருக்கும், கணு இருக்கும், அதை வெட்டித் தள்ளத்தான் வேண்டும். அந்தத் துண்டுகளைச் சும்மா எறியாமல் சின்னதும் பெரியதுமாக அறுத்து, முனை மழுக்கி, பையில் போட்டுக்கொண்டு வந்து காமாட்சி முன்னால் கொட்டுவேன். வீடு கட்டி விளையாடட்டும் என்றுதான். மாதம் ஆக ஆக அறுபது எழுபது கட்டைகள் சேர்ந்துவிட்டன. எங்கு பார்த்தாலும் கட்டை. உங்கள் அடுப்படியில் கட்டை, நீங்கள் நடக்கிற வழியில் கட்டை. ஒரு நாள் என் காலிலேயே குத்தியது. உடனே ஒரு பெட்டி செய்தேன். தடுப்பு வைத்து மூன்று அறையாக்கினேன். பெரியது ஒன்றில், நடுத்தரம் ஒன்றில், சின்னது ஒன்றில். ஆசாரி வீட்டுக் கட்டை அளவுப்படிதானே இருக்க வேண்டும்! அந்தப் பெட்டியைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு பெருமை.

உங்கள் ஊர்ப் பிள்ளைகள் வந்து அந்தக் கட்டைகளை வைத்துக் கோயில் கட்டினார்கள், பாலம் கட்டினார்கள், துரை பங்களாவையே கட்டினார்கள். என் பிள்ளை ஒரு கட்டையின் மேல் இன்னொரு கட்டையை வைத்து நான் பார்த்ததில்லை. ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவர்கள் போனதும் எழுந்து வந்து எல்லாவற்றையும் பொறுக்கி, சாமைக் குதிரின் ஓரமாகத் தரையில் வரிசை வரிசையாகப் பரப்புவாள். நான் வந்து அவற்றை அள்ளிப் பெட்டியில் அளவுப்படி போடுவேன். காலையில் பார்த்தால் மறுபடி தரையில் கிடக்கும். பெரியதுக்குப் பக்கத்தில் குட்டி, குட்டிக்குப் பக்கத்தில் நீளம், ஒரு ஒழுங்கும் இல்லை. போதாததற்கு ஒவ்வொரு கட்டையையும் நாக்கால் நக்குவாள். ஆறு வயதை எட்டப்போகிற பிள்ளை, பல் முளைக்கிற குழந்தை மாதிரி மரத்தை நக்குகிறதே என்று எனக்கு உடம்பெல்லாம் எரியும். கையிலிருந்து பிடுங்கியிருக்கிறேன். அடித்தும் இருக்கிறேன், அக்கா.

நீங்கள் இரண்டு தடவை சொன்னீர்கள், பிள்ளை கலைக்கவில்லை, அடுக்குகிறது என்று. மரத்தைப் பற்றி எனக்கே சொல்ல வந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்தச் சாயங்காலம். ஊர்ப் பிள்ளைகள் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோபுரம் எழுப்பிக் கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். காமாட்சி ஒரு கட்டையை வாயில் வைத்தபடி மூலையில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு எங்கிருந்துதான் அந்தச் சனியன் வாயில் வந்து உட்கார்ந்ததோ. உங்களையும் என் பெண்டாட்டியையும் பார்த்து, "இதுக்கு மூளையே இல்லீங்க. மரக்கட்டைக்குக் கண்ணும் மூக்கும் வெச்சாப்பல பொறந்திருக்குது" என்றேன். என் பெண்டாட்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். நீங்கள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தீர்கள்.

"புள்ளைக்குக் காது கேக்குதுங்க ஆசாரி" என்றீர்கள்.

பிறகு மூன்று நாள் மழை விடவில்லை. மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. வேலைக்குப் போக முடியாமல் நான் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள், "நின்னுக்கிட்டுப் பாத்தா ஒண்ணும் தெரியாதுங்க, இங்க வந்து கீழ உக்காருங்க" என்று கூப்பிட்டீர்கள். நீங்கள் காமாட்சியின் வரிசைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். இரண்டு கட்டைகளைத் தொட்டுக் காட்டி, இந்தக் கணுவில் பாதி இதில் இருக்கிறது, மீதிப் பாதி அதில் இருக்கிறது, பாருங்கள் என்றீர்கள். ஏதோ தற்செயலாக அமைந்திருக்கும் என்றேன். அதை நிரூபிக்கத்தான் துணியை நனைத்து வந்து துடைத்தேன்.

அழுக்கேறிய மரத்தை ஈரத்தால் துடைத்தால் ரேகை மேலே வரும். இது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வது. நான் எச்சில் தொட்டு விரலால் தேய்த்துப் பார்ப்பேன். அன்று முதல் கட்டையைத் துடைத்தேன், ரேகை எழுந்தது. இரண்டாவதைத் துடைத்தேன். முதல் கட்டையில் விட்ட இடத்திலிருந்து ரேகை அப்படியே இரண்டாவதில் ஓடியது. மூன்றாவதில் கணுவைச் சுற்றி வளைந்து நாலாவதில் இறங்கியது. அந்த வரிசை முழுக்கத் துடைத்தேன். என் முன்னால் ஒரு பலகை நுனி கிடந்தது. நான் எட்டு துண்டாக அறுத்து, வேறு அறுபது துண்டுகளோடு ஒரே பையில் கலந்து கொட்டிய பலகை! அடுத்த வரிசை வேறொரு பலகை. அதற்கடுத்தது வேறொன்று. எல்லாம் ஒரே பலா மஞ்சள், எல்லாவற்றிலும் ஒரே அழுக்கு. ஒரு கட்டைகூடத் தப்பில்லை, அக்கா, ஒன்றுகூட.

அவள் நக்கியது அதற்குத்தான். அப்பன் எச்சில் தொட்டுப் பார்ப்பதைப் பார்த்திருக்கிறாள். அதற்காகத்தான் நான் அவளை அடித்தேன்.

ஒரு வரிசையில் மட்டும் நடுவில் ஒரு முழத்துக்கு மேல் வெறும் தரை கிடந்தது. அந்தப் பக்கம் நாலு கட்டை, இந்தப் பக்கம் மூன்று. இங்கே சறுக்கிவிட்டாள் என்று நினைத்தேன். அப்புறம் இரண்டு பக்கத்துக் கட்டைகளையும் துடைத்துப் பார்த்தேன். ஒரே பலகையின் இரண்டு நுனி. நடுவில் இருந்தது எங்கே என்று நீங்கள் கேட்டீர்கள். துரை பங்களா ஜன்னலில் இருக்கிறது என்றேன். நீங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள், கோயிலில் போடுவது போல. எனக்கும் அப்படித்தான் இருந்தது. முப்பது வருஷம் மரத்தோடு கிடந்தவன் நான், எனக்கு அளவு தெரிந்தது, மரம் தெரியவில்லை. நான் ஒரு கட்டையைத் துடைத்துவிட்டு இடம் மாற்றி வைத்தேன் போலிருக்கிறது. காமாட்சி வந்து என் கையருகே குனிந்து அதை எடுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாளே பெட்டியின் தடுப்புகளைப் பிடுங்கி எறிந்தேன். நீங்கள் மிளகுக் கூடைகளை இன்னும் தள்ளிவைத்துச் சுவரோரம் முழுக்க விட்டுக்கொடுத்தீர்கள். அங்கே நீளமாக, அகலம் குறைவாக, ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டுகள் அடித்தேன். ஒரு பலகைக்கு ஒரு தட்டு. ஊர்ப் பிள்ளைகளிடம் நீங்களே கறாராகச் சொன்னீர்கள், எதை வேண்டுமானாலும் கட்டுங்கள், இடியுங்கள், எடுத்து வைப்பது மட்டும் காமாட்சி என்று. அவர்களும் கட்டி முடித்ததும் சுற்றி உட்கார்ந்து, அவள் அடுக்குவதைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கோபுரம் கட்டுவதைவிட அதுதான் அவர்களுக்கு வேடிக்கையாகிவிட்டது.

உங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நான் சொல்லாமல் வைத்திருந்தது இனிமேல்தான்.

அந்த மழை நாளில் ஆச்சரியத்தோடு சேர்ந்து ஒரு பயமும் எனக்குள் இறங்கிவிட்டது. ரேகையை அப்படிப் படித்த பிள்ளைக்கு, மூன்று நாளைக்கு முன்னால் அப்பன் சொன்னது புரியாமல் இருந்திருக்குமா? அவளுக்கு மூளை இல்லை என்று நினைத்தவரைக்கும் நான் நிம்மதியாகத் தூங்கினேன். இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் தூக்கம் போயிற்று. அவளிடமே கேட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறேன். ஏழு வயதில் உங்கள் வீட்டில் உங்களிடம்தான் முதல் சொல் பேசினாள், தண்ணி வேண்டும் என்று. அப்போது கேட்டிருக்கலாம். மலையை விட்டு இறங்கிய பிறகு கேட்டிருக்கலாம். இப்போது அவளுக்குப் பதினேழு முடிந்துவிட்டது. பேச்சு இன்றும் குறைவுதான். கதவுக்கு ரேகை சேர்கிற ஜோடிப் பலகை பொறுக்க இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவளைப் போல ஆளில்லை. பெரிய பெரிய ஆசாரிகள் பலகையைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். நானும் காத்திருந்தேன்.

இன்று மத்தியானம் உங்கள் சேதியை அவளிடம் சொன்னேன். கையிலிருந்த பலகையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்று கேட்காவிட்டால் என்றைக்கும் கேட்க மாட்டேன் என்று தோன்றியது. அந்த மலை வீட்டில், கோபுரம் கட்டிய சாயங்காலம் நான் சொன்னது உனக்குக் கேட்டதா சாமி என்றேன்.

"கேட்டுச்சுங்கப்பா" என்றாள்.

அவளே மூக்கைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னாள்.

"மூளைன்னா என்னன்னு அப்ப எனக்குத் தெரியாதுங்கப்பா. எங்கிட்ட இல்லாத ஏதோ ஒண்ணுன்னு நெனச்சேன். நீங்கதான் எல்லாம் செய்வீங்களே, அதையும் செஞ்சு கொண்டாருவீங்கன்னு தெனம் உங்க பையைப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

அக்கா, நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். தினமும் சாயங்காலம் நான் வந்ததும் ஓடிவந்து அந்தப் பையைப் பிடித்துக்கொள்வாள், உங்களுக்கு நினைவிருக்கும். கட்டைக்காக என்றுதான் நானும் நினைத்தேன், நீங்களும் நினைத்தீர்கள்.